எபிரேய மொழியின் அன்றாடச் சொற்கள்

நூலில் வாழும் சொல் வேறு. நாவில் வாழும் சொல் வேறு. நூற்சொல் மக்கள் நாவுக்கு வருமாயின் அஃது எவ்வழி வருகின்றது என்பது மொழிவரலாற்றில் ஆராயத்தக்க வினாவாகும். இவ்வினாவுக்கு விடை காண எபிரேய மொழியின் அண்மை வரலாறு பெரிதும் துணை புரிகின்றது. அம்மொழியின் அன்றாட வழக்குச் சொற்கள் சிலவற்றின் பிறப்பையும் நிலைபேற்றையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு கருத்தைத் தெளிவுறுத்தல் வேண்டும். எபிரேயத்தை 'இறந்து உயிர்த்த மொழி' என்பர் பலர். ஏறத்தாழக் கி. பி. 200 அளவில் அது தாய்மொழியாகப் பேசப்படுவது ஒழிந்தது உண்மையே. ஆயினும் வழிபாட்டிலும் உரைநூலிலும் செய்யுளிலும் கடிதத்திலும் அதன் ஆட்சி அறவில்லை. வெவ்வேறு நாட்டு யூதர் தம்முள் உரையாட அதனையே பொதுமொழியாகக் கொண்டதும் உண்டு. அதற்கு இல்லாதிருந்தவை அடுக்களையும் தொட்டிலும் கடைத்தெருவுமே.

எலியேசர் பென் யெகூதா (1858–1922) 1881 ஆம் ஆண்டில் பாலத்தீனத்திற்குக் குடிபுகுந்தார். தம் இல்லத்தில் எபிரேயமன்றிப் பிற மொழி வழங்கலாகாது என வரையறுத்தார். 1882 இல் பிறந்த அவர்தம் மகனார், புத்தெபிரேயத்தைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த முதற் குழந்தை எனப்படுகின்றார். இறைவனைப் புகழ ஆயிரம் சொல் கொண்ட அம்மொழியில் அக்குழந்தையின் பொம்மைக்கு வழக்குச் சொல் இல்லை, துவாலைக்கும் இல்லை. தந்தையே 'பூபா' (பொம்மை), 'மகேவெத்' (துவாலை) எனச் சொல் ஆக்கித் தந்தார்.

இங்ஙனம் எழுந்த சொல்லாக்கம் மூவகைப்படும். முதலாவது, பழைய சொல்லினின்று புதுச் சொல் பிறப்பித்தல். 'மிலா' என்பது சொல். அதனின்று பிறந்த 'மில்லோன்' அகராதியாம். அதற்கு முன்னர் ஜெர்மானிய வழக்கைப் பின்பற்றிச் 'சொற்களின் நூல்' எனும் பொருள்படும் தொடரையே ஆண்டனர். 'ஷாஆ' (மணி நேரம்) என்பதனின்று 'ஷாஓன்' (கடிகாரம்) தோன்றிற்று. 'மாத்தார்' (மழை) என்பதனின்று 'மித்ரியா' (குடை) தோன்றிற்று. தமிழில் இல்லாத இருமை எண் எபிரேயத்தில் உண்டாதலின், 'ஓஃபான்' (உருளை) என்பதன் இருமை வடிவமாகிய 'ஓஃபனாயிம்' மிதிவண்டிக்குப் பெயராயிற்று.

இரண்டாவது, இனமொழிகளினின்று கடன் கோடல். ஐஸ்கிரீமைக் குறிக்கும் 'க்லிதா', உறைபனியைக் குறித்த அரமேயச் சொல்லினின்று வந்தது. பண்புடையான் எனும் பொருளில் வரும் 'அதீவ்' அரபு மொழியை ஒட்டியது.

மூன்றாவது வகையே நம் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது. அது திருமறைச் சொல்லைத் தெருவுக்குக் கொணர்தல். எசேக்கியேல் தீர்க்கர் கண்ட காட்சியில் ஒளிர்ந்த பொருளொன்று 'ஹஷ்மல்' எனப்படுகின்றது. பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதனை 'எலெக்த்ரோன்' என்றனர். ஐரோப்பிய மொழிகளில் மின்சாரத்தின் பெயர் அக்கிரேக்கச் சொல்லினின்றே பிறந்தமையின், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் யெகூதா லேப் கோர்தோன் 'ஹஷ்மல்' என்பதை மின்சாரத்திற்கு ஆண்டார். லேவியராகமத்தில் நன்றிப் பலியைக் குறித்த 'தோதா' இன்று 'நன்றி' எனும் உபசாரச் சொல்லாம். 'மன்னிப்பு' எனப் பொருள்படும் 'ஸ்லிகா' என்பதன் வேர், திருமறையில் இறைவனை மட்டுமே எழுவாயாகக் கொண்டு வருவது. இன்று பேருந்தில் அயலார் காலை மிதித்தவரும், வழி விட வேண்டுபவரும் அச்சொல்லையே கூறுகின்றனர். பொருள் இழிந்ததென இதனைக் கருதுவாரும் உளர். சொல் குடியேறிற்று என்பதே பொருந்தும் என்பது நம் துணிபு.

எனினும் ஆக்கிய சொல் யாவும் நிலைபெறவில்லை. தொலைபேசிக்குப் பென் யெகூதா ஆக்கிய 'ஸாஹ் ராஹோக்' வழக்கு வீழ்ந்தது, 'டெலிஃபோன்' நின்றது. தக்காளிக்குக் 'காதல்' எனும் பொருளுடைய வேரினின்று பிறந்த 'அக்வானியா' எனும் பெயரை அவர் ஏற்கவில்லை. அரபை ஒட்டிய 'பதூரா' என்பதையே விரும்பினார். மக்கள் அவர் வெறுத்த பெயரையே கைக்கொண்டனர். வழக்கின்முன் ஆக்கியோனும் பணிந்தேயாதல் வேண்டும்.

சொற்களை நாவில் நிறுத்தியது பள்ளியே. 1890 இல் மொழிக் குழு நிறுவப்பட்டது. 1913 இல் ஹைஃபா தொழில்நுட்பக் கழகத்தில் அறிவியலை ஜெர்மானிய மொழியிற் கற்பிக்க முடிவு செய்தபோது ஆசிரியரும் மாணவரும் எதிர்த்தெழுந்து, எபிரேயத்தைப் பயிற்றுமொழியாக்கினர். 1948 இல் ஏறத்தாழ 6,50,000 ஆக இருந்த யூத மக்கள்தொகை 1951 இறுதியில் இரு மடங்காயிற்று. பன்மொழி பேசி வந்த அம்முதியோர்க்கு 1949 இல் எருசலேமில் முதல் 'உல்பான்' எனும் மொழிப்பள்ளி திறக்கப்பட்டது. 1953 இல் எபிரேய மொழிக் கழகம் அமைந்தது. இவ்வெற்றிக்கு விலையும் உண்டு. இலக்கிய வளம் மிக்க இத்திஷ் மொழி வீட்டிலும் மேடையிலும் இகழ்ந்து ஒதுக்கப்பட்டது. பெற்றோர் தாலாட்டு மக்கட்கு அயன்மொழியாயிற்று.

இனி, தமிழர்க்குரிய செய்தி ஒன்று. சாலமோன் மன்னனின் கலங்கள் கொணர்ந்த பொருள்களுள் 'துக்கி' என்பதும் ஒன்று. அதனை மயிலெனக் கொண்டு, தமிழ்த் 'தோகை' என்பதனோடு இயைத்துக் காட்டினார் கால்டுவெல். அறிஞர் பலர் அதனை ஏற்பர். ஆனால் இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' கிளியையே குறிக்கும். மயிலுக்குத் 'தவாஸ்' என்பது பெயர். நெடுங்காலம் ஏட்டில் மட்டும் இருந்த சொல், தன் பறவையை மறந்தது.

தமிழ் மயிலைக் கண்டு கொண்டே 'தோகை' என்று வழங்கி வந்துள்ளது; அதன் நா ஒருகாலும் ஓயவில்லை. எனவே எபிரேயத்தின் வரலாற்றைத் தமிழுக்கு அப்படியே பொருத்துதல் சாலாது. ஆயினும் கலைச்சொல் ஆக்குவோர் ஒன்றை உளங்கொள்ளல் வேண்டும். பட்டியலில் ஏறிய சொல் பாதி வழியே வந்தது. வகுப்பிலும் வீட்டிலும் ஒரு குழந்தை அதனை எண்ணாது கூறும் நாளிலேயே அதன் ஆக்கம் நிறைவுறும்.