உணரி வலையமைப்பில் இணைப்புத் தர அளவீடு

கம்பியற்ற உணரி வலையமைப்பு என்பது மண் ஈரம், நீர்மட்டம், வெப்பநிலை முதலியவற்றை அளந்து, வானொலி அலை வழியே தெரிவிக்கும் சிறு கருவிகளின் தொகுதி ஆகும். ஒவ்வொரு கருவியும் கணு எனப்படும். ஒரு கணு அனுப்பும் செய்தி அடுத்த கணுவை எவ்வளவு நம்பகமாகச் சென்றடைகிறது என்பதே இணைப்புத் தரம்.

இதன் தேவையைக் காவிரிப் படுகையைக் கொண்டு எளிதில் விளக்கலாம். கடைமடை வாய்க்காலில் ஒரு நீர்மட்ட உணரி வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதிலிருந்து தகவல் வரவில்லை. வராதது தண்ணீரா, தகவலா? இணைப்பின் தரம் தெரியாமல் இதற்கு விடை கூற இயலாது.

மூன்று அளவுகள்

முதலாவது, குறிப்பலை வலிமை (ஆர்.எஸ்.எஸ்.ஐ). இது டிபிஎம் என்னும் அலகில் எதிர்ம எண்ணாகத் தரப்படும். −80 என்பது −90ஐ விடப் பத்து மடங்கு திறன் கொண்டது.

இரண்டாவது, இணைப்புத் தரச் சுட்டெண் (எல்.கியூ.ஐ). 2003இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.15.4 தரநிலை இதை வரையறுத்தது. ஆனால் கணக்கிடும் முறையைச் சில்லு உற்பத்தியாளரிடமே விட்டுவிட்டது. எனவே ஒரு சில்லின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

மூன்றாவது, பொதி பெறு விகிதம். அனுப்பிய பொதிகளில் எத்தனை வந்து சேர்ந்தன என்ற நேரடிக் கணக்கு இது.

வரலாறு

தூரம் கூடக் கூட இணைப்பு சீராகக் குறையும் என்றே தொடக்கத்தில் பலர் கருதினர். 2003இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த சென்சிஸ் மாநாட்டில் ஜாவோவும் ரமேஷ் கோவிந்தனும் வெளியிட்ட அளவீடுகள் இதை மறுத்தன. நல்ல எல்லைக்கும் கெட்ட எல்லைக்கும் இடையே ஒரு சாம்பல் பகுதி இருந்தது. அங்கே ஒரே தூரத்தில் உள்ள இரு கணுக்களில் ஒன்று நன்றாகக் கேட்கும், மற்றொன்று கேட்காது. முன்னே செல்லும் வழி நன்றாக இருந்தும் திரும்பும் வழி பழுதாக இருப்பதுண்டு.

அதே ஆண்டில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஈ.டி.எக்ஸ் என்ற அளவை முன்வைத்தனர். ஒரு பொதி வெற்றியாகச் சென்று சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்பதை இது கூறும். பத்துப் பொதிகளில் எட்டு சென்று சேர்கின்றன, திரும்பி வரும் ஒப்புகைகளில் பாதிதான் கிடைக்கின்றன என்றால், 0.8 × 0.5 = 0.4; அதன் தலைகீழ் 2.5. சராசரியாக இரண்டரை முறை அனுப்ப வேண்டும்.

குறிப்பலை வலிமை நம்பத்தகாதது என்ற கருத்தும் அக்காலத்தில் பரவியிருந்தது. 2006இல் ஸ்டான்ஃபோர்டில் சீனிவாசனும் லெவிஸும் சிசி2420 என்ற புதிய சில்லைக் கொண்டு அதை மீண்டும் சோதித்தனர். வலிமை −87 டிபிஎம்முக்கு மேல் இருந்தபோது பொதி பெறு விகிதம் 85 விழுக்காட்டுக்குக் குறையவில்லை. அந்த எல்லையை ஒட்டிய பகுதியில் மட்டும் வலிமையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2007இல் வந்த 'நான்கு பிட்' முறை, சில்லின் அளவையும் ஒப்புகைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தது.

வயல்வெளி அனுபவம்

வேளாண்மையில் இந்த வலையமைப்பைப் பயன்படுத்தும் முயற்சி இந்தியாவிலும் நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல். நிறுவனமும் கர்நாடகத்தின் சென்னகேசவபுரம் என்ற வறண்ட ஊரில் இதைச் செய்தன. நெதர்லாந்தில் 2005ஆம் ஆண்டு உருளைக்கிழங்கு வயலில் கணுக்களை நிறுவியவர்களுக்கு, எதிர்பார்த்த செய்திகளில் சுமார் 2 விழுக்காடே கிடைத்தது. மென்பொருள் பிழைகளுக்கு இதில் பெரும் பங்கு இருந்தது. அங்கு செய்த அலைப் பரவல் அளவீடு வேறொரு வியப்பையும் தந்தது. இரவிலும் மழையிலும், அதாவது ஈரப்பதம் மிகுந்த வேளைகளில், அலை நன்றாகவே பரவியது.

நெல் வயலுக்கான பாடம்

டெல்டா நிலம் சமதளமானது. நடவின்போது நீர்ப்பரப்பு அலையைப் பிரதிபலிக்கும். பயிர் உயர்ந்து கதிர் தள்ளும்போது அதே அலை இலைகளுக்கிடையே செல்ல வேண்டியிருக்கும். ஆகவே நாற்று நட்ட வாரத்தில் எடுத்த அளவு அறுவடை வரை பொருந்தாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தனியாகவும் அளக்க வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் இடுவது எளிய வழி. விடுபட்ட எண்களை எண்ணினால் பொதி இழப்பு தெரிந்துவிடும். அப்போது செய்தி வராத இடத்தை 'நீர் இல்லை' என்று பதிவு செய்யும் தவறு நேராது.