பி.எச். அளவீட்டின் வரலாறு: பீர் ஆலை ஆய்வகத்திலிருந்து மருத்துவமனை வரை

பி.எச். என்பது ஒரு கரைசலின் அமிலத்தன்மையை அல்லது காரத்தன்மையைக் காட்டும் எண் ஆகும். உயிரியல் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் தொடக்கப் பாடங்களிலேயே சந்திக்கும் வேதியியல் கருத்துகளுள் இதுவும் ஒன்று. 7-க்குக் கீழே அமிலம், 7-க்கு மேலே காரம் என்று மனப்பாடம் செய்வதோடு பலர் நின்றுவிடுகின்றனர். உண்மையில் இந்த எண் நொதிகளைப் பற்றிய ஆய்வு ஒன்றில் பிறந்தது. அது பிறந்த அதே நகரில், 43 ஆண்டுகளுக்குப் பின், அதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டதால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன.

தோற்றம்

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் பீர் ஆலை நடத்திவந்த ஜே. சி. யாக்கோப்சன் 1875-இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தை நிறுவினார். மால்ட், ஈஸ்ட், நொதித்தல் ஆகியவற்றை அறிவியல் முறையில் ஆராய்வது அதன் நோக்கம். 1901-இல் அதன் வேதியியல் பிரிவுக்குத் தலைவரானவர் சோரன் பீட்டர் லாரிட்ஸ் சோரன்சன் (1868–1939).

ஒரே நொதி, கரைசலின் அமிலத்தன்மைக்கேற்ப வேகமாகவோ மெதுவாகவோ செயல்படுவதை அவர் ஆராய்ந்தார். அமிலத்தன்மையை எப்படி அளப்பது என்பதே அதில் எழுந்த சிக்கல். எவ்வளவு அமிலம் ஊற்றினோம் என்ற கணக்கு உதவவில்லை. கரைசலில் உள்ள புரதங்கள் ஹைட்ரஜன் அயனிகளில் ஒரு பகுதியைத் தம்முடன் பிணைத்துக்கொள்ளும். நொதியின் வேகத்தைத் தீர்மானிப்பது எஞ்சி நிற்கும் தனி ஹைட்ரஜன் அயனிகளின் செறிவே என்று சோரன்சன் விளக்கினார்.

அந்தச் செறிவு மிகச் சிறியது. 25 பாகை செல்சியசில் தூய நீரின் ஒரு லிட்டரில் 0.0000001 மோல் அளவே ஹைட்ரஜன் அயனிகள் உள்ளன. இதை 10⁻⁷ என்று எழுதலாம். இந்த அடுக்கெண்ணின் எதிர்க்குறியை நீக்கி 7 என்று மட்டும் சொன்னால் போதும் என்பது சோரன்சன் 1909-இல் முன்வைத்த வழி. கணிதமுறையில் சொன்னால், பி.எச். என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் எதிர் மடக்கை ஆகும். எனவே பி.எச். ஓர் எண் குறைந்தால் அயனிச் செறிவு 10 மடங்கு கூடும். பி.எச். 2 உள்ள எலுமிச்சைச் சாற்றில், தூய நீரில் உள்ளதைப் போல 1 லட்சம் மடங்கு ஹைட்ரஜன் அயனிச் செறிவு உண்டு.

இரத்தமும் தாங்கல் கரைசலும்

மனித இரத்தத்தின் பி.எச். பொதுவாக 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. உடல் இடைவிடாமல் அமிலங்களை உண்டாக்கியபோதும் இந்த எல்லை பெரிதும் மாறுவதில்லை. இரத்தம் ஒரு தாங்கல் கரைசலாக இருப்பது இதற்கு முக்கியக் காரணம். செல்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு நீருடன் சேர்ந்து கார்போனிக் அமிலமாகிறது. அது ஹைட்ரஜன் அயனியாகவும் பைகார்பனேட்டாகவும் பிரிகிறது. அமிலம் கூடினால் பைகார்பனேட் ஹைட்ரஜன் அயனிகளைப் பிணைத்துக்கொள்ளும். இதில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் வெளியேற்றும். இச்சமநிலையை அமெரிக்காவின் லாரன்ஸ் ஹெண்டர்சன் 1908-இல் சமன்பாடாக எழுதினார். கோபன்ஹேகனைச் சேர்ந்த கார்ல் ஹாசல்பால்க் 1916-இல் அதனைப் பி.எச். வடிவுக்கு மாற்றினார்.

1952: போலியோ கொள்ளைநோய்

1952-இல் கோபன்ஹேகனைப் போலியோ தாக்கியது. பிளெக்டம் மருத்துவமனையில் மூச்சுத்தசைகள் செயலிழந்த நோயாளிகள் குவிந்தனர். அங்கிருந்த மூச்சுக்கருவிகள் மிகச் சிலவே. தொடக்க வாரங்களில் அக்கருவிகளால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

அந்நோயாளிகளின் இரத்தத்தில் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு அளவு மிகுந்திருந்தது. அந்த அளவின் பெரும்பகுதி பைகார்பனேட்டாகவே இருக்கும். ஆகவே இரத்தம் காரமாகிவிட்டது என்று மருத்துவர்கள் கருதினர். மயக்கமருந்து மருத்துவரான பியோர்ன் இப்சன் இதை ஏற்கவில்லை. மூச்சு போதாமல் கார்பன் டை ஆக்சைடு உடலில் தேங்கினாலும் இதே அளவுதான் கிடைக்கும். அப்போது இரத்தம் அமிலமாகியிருக்கும் என்றார். இவ்விரண்டில் எது சரி என்று தீர்க்கக்கூடியது பி.எச். அளவீடு. ஆய்வகத் தலைவர் பவுல் ஆஸ்ட்ரப்பின் அளவீடுகள் இரத்தம் அமிலமாகியிருப்பதைக் காட்டின.

ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயில் துளையிட்டுப் பொருத்தப்பட்ட குழாய் வழியே, இப்சன் ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார். தேங்கிய கார்பன் டை ஆக்சைடு வெளியேறியது, சிறுமி பிழைத்தாள். அடுத்த மாதங்களில் சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, நோயாளிகளின் அருகே அமர்ந்து இரவும் பகலும் பையை அழுத்தினர். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

முக்கியத்துவம்

இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கங்களுள் ஒன்றாக இந்நிகழ்வு கருதப்படுகிறது. இரத்தத்தின் பி.எச்., கார்பன் டை ஆக்சைடு அழுத்தம், பைகார்பனேட் ஆகியவற்றைச் சேர்த்தே பார்க்கும் சோதனை அங்கு அன்றாடம் செய்யப்படுகிறது. இம்மூன்றில் ஒன்றை மட்டும் கொண்டு முடிவுக்கு வந்தால் என்ன நேரும் என்பதை 1952-இன் தொடக்க வாரங்கள் காட்டின.