மாசியில் தொடங்கும் இளவேனில்

நம் இலக்கணம் இளவேனிலைச் சித்திரைக்கும் வைகாசிக்கும் உரியதாக்கியது. அமெரிக்கப் பேஸ்பால் உலகின் இளவேனிலோ மாசியிலேயே தொடங்கிவிடுகிறது. வடக்கு நகரங்களில் பனி உறைந்து கிடக்கும் பிப்ரவரி நடுவில், பந்தெறிபவர்களும் அவர்கள் எறிவதைப் பிடிப்பவர்களும் முதலில் பயிற்சி முகாமுக்கு வந்து சேர்கிறார்கள். ஏனையோர் சில நாட்கள் கழித்து வருகிறார்கள். எறிபவனின் தோள் பதமாக மற்றெவரையும்விடக் கூடுதல் நாட்கள் வேண்டும் என்பதே காரணம். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ பனியை வாரிக்கொண்டிருக்கும் ரசிகனுக்கு அந்தச் செய்தி ஒன்றே போதுமானது. குளிர்காலம் முடிந்துவிட்டதாக அவன் எண்ணிக்கொள்கிறான்.

இவ்வழக்கத்தின் தொடக்கமாக 1886ஆம் ஆண்டைப் பலரும் சுட்டுவர். சிகாகோ அணி அவ்வாண்டு ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகருக்குச் சென்றது. குளிர்காலம் முழுவதும் உண்டும் குடித்தும் பருத்த உடல்களை அங்குள்ள வெந்நீர் ஊற்றுகளில் வியர்க்க வைத்து இளைக்கச் செய்வதே நோக்கம். பின்னர் ஃபுளோரிடாவின் சிறு நகரங்கள் இதில் வணிகத்தைக் கண்டன. அணி வந்தால் பத்திரிகையாளர் வருவர். பத்திரிகைகளில் ஊரின் வெயிலைப் பற்றிய செய்தி வரும். அதைப் படித்துச் சுற்றுலாப் பயணிகள் வருவர். இன்று முப்பது பெரிய அணிகளில் பாதி ஃபுளோரிடாவிலும் பாதி அரிசோனாவிலும் பயிற்சி பெறுகின்றன. ஏப்ரலில் எட்டாத உயரத்தில் இருக்கும் ஆட்டக்காரரை மார்ச்சில் வேலி ஓரமாக நின்று கையெழுத்துக் கேட்க முடியும் என்பதால், சிறுவர்களுக்கு இம்முகாம்கள் திருவிழாக்கள்.

ஆனால் அந்த வெயில் எல்லார் மீதும் ஒன்றுபோல் விழவில்லை. தெற்கே பயிற்சி என்றால் இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த மாநிலங்களில் பயிற்சி என்று பொருள். பேஸ்பால் வரலாற்றை எழுதுவோர் 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கியதிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். நம் பார்வையில் அதனினும் கடுமையானது அதற்கு முந்தைய ஆண்டின் மார்ச் மாதம்.

1946இல் புரூக்ளினின் துணை அணியான மான்ட்ரியலில் சேர ராபின்சன் கலிஃபோர்னியாவிலிருந்து மனைவி ரேச்சலுடன் புறப்பட்டார். மணமாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. நியூ ஆர்லியன்ஸில் விமானத்தில் இடம் மறுக்கப்பட்டது. பென்சகோலாவில் மீண்டும் இறக்கிவிடப்பட்டனர். பின் பேருந்து, அதிலும் கடைசி இருக்கைகளுக்குப் போகச் சொன்னார்கள். முகாமில் ஓரிரு நாட்கள் பயிற்சி பெறுவதற்குள் சான்ஃபோர்டு ஊரில் மிரட்டல் கிளம்பவே, அவரும் கறுப்பினப் பந்தெறிபவரான ஜான் ரைட்டும் டேடோனா பீச்சுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அணியினர் விடுதியில் தங்க, ராபின்சன் தம்பதியர் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கினர்.

ஆட்டமும் உடனே கைகூடவில்லை. தகுதியை உடனே நிறுவிவிட வேண்டும் என்ற தவிப்பில் முதல் நாட்களில் அளவுக்கு மீறிப் பந்தை வீசித் தோளை நோகடித்துக்கொண்டார். மற்றவர்களுக்கு முகாம் என்பது பிழை செய்து திருத்திக்கொள்ள அளிக்கப்படும் காலம். அவருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

மார்ச் 17 அன்று டேடோனாவின் சிட்டி ஐலண்ட் மைதானத்தில் அவர் ஆடினார். கறுப்பின மக்கள் வாக்களித்து ஓரளவு பேரம் பேச வல்ல ஊர் அது. மேரி மெக்லியோட் பெத்யூனின் கல்லூரி இருந்த ஊரும்கூட. கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட சிறு பகுதி நிரம்பி வழிந்தது. அன்று அவர் மட்டையால் ஒரு ஹிட்டும் அடிக்கவில்லை. வந்தவர்கள் அதற்காக வந்தவர்களும் அல்லர். பிற ஊர்கள் வேறுவிதமாக நடந்துகொண்டன. ஜாக்சன்வில் மைதானத்தைப் பூட்டியது. டிலேண்டு, மின்விளக்குகள் பழுது என்று ஆட்டத்தை ரத்துசெய்தது. ஆட்டமோ பகலில் நடைபெற இருந்தது! சான்ஃபோர்டில் ஏப்ரலில் அவர் ஆடிக்கொண்டிருக்கையிலேயே காவல்துறைத் தலைவர் குறுக்கிட்டு வெளியேற்றச் செய்தார். ஏப்ரல் 18 அன்று, பருவத்தின் தொடக்க ஆட்டத்தில், ஜெர்சி சிட்டியில் ராபின்சன் நான்கு ஹிட்டுகள் அடித்தார். அவற்றுள் ஒன்று ஹோம் ரன். மான்ட்ரியல் 14-1 என வென்றது.

மறு ஆண்டு புரூக்ளின் கியூபாவின் ஹவானாவுக்கு முகாமை மாற்றியது. அங்கும் கறுப்பின ஆட்டக்காரர்கள் தனியே தங்கவைக்கப்பட்டனர். கிளீவ்லாந்து அணி அரிசோனா சென்றது. ஆயினும் லாரி டோபிக்கு டூசானில் அணியின் விடுதிக் கதவு திறக்கவில்லை. மைதானத்தில் சமத்துவம் வந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்தும் உணவு மேசையில் வரவில்லை என்பதை 1961 ஜனவரியில் சிகாகோ நாளிதழ் ஒன்றில் வெண்டல் ஸ்மித் எழுதினார். 1946இல் ராபின்சனுக்குத் துணையாக உடன் பயணம் செய்த அதே பத்திரிகையாளர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குத் தங்குமிடம் தேடித் தந்துவந்த மருத்துவர் ரால்ஃப் விம்பிஷ், இனி அவ்வேலையைச் செய்யப்போவதில்லை என்று அறிவித்தார். உதவியை நிறுத்துவதே போராட்டமாவது வரலாற்றில் அரிது. ஊர் வணிகர் சங்கத்தின் காலை விருந்துக்கு வெள்ளை ஆட்டக்காரர்களுக்கு மட்டும் அழைப்பு வந்ததைக் கார்டினல்ஸ் அணியின் பில் வைட் வெளிப்படையாகவே கேட்டார். 1962இல் அவ்வணியினர் அனைவரும் குடும்பங்களோடு ஒரே விடுதியில் தங்கினர். இரு இனத்துப் பிள்ளைகளும் ஒரே குளத்தில் நீந்துவதைப் பார்க்க ஊரார் வண்டியில் வந்து போனார்களாம்.

பெரியவர்களுக்கே இப்படியென்றால் சிறுவர்களுக்கு? பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் 1939இல் தொடங்கிய லிட்டில் லீக், விதிகளில் நிறம் பாராதது. 1955இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து கேனன் ஸ்ட்ரீட் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கறுப்பினச் சிறுவர் அணி மாநிலப் போட்டிக்குப் பதிவுசெய்தது. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்களோடு ஆட மறுத்து மாநிலத்தின் வெள்ளையர் அணிகள் அனைத்தும் விலகிக்கொண்டன. எதிரணி இல்லாமையால் வெற்றி அவர்களுக்கு. ஆனால் ஆடி வென்றால்தான் அடுத்த சுற்று என்று விதி குறுக்கே நின்றது.

தேசிய இறுதிப் போட்டிக்கு அவர்கள் விருந்தினராக அழைக்கப்பட்டனர். சீருடையோடு களத்தில் சிறிது நேரம் பந்து வீசிப் பயிற்சி செய்ய அனுமதித்தார்கள். ஆட விடுங்கள் என்று பார்வையாளர் பகுதியிலிருந்து குரல் எழுந்தது. பின் பிள்ளைகள் இருக்கைகளுக்குப் போய் அமர்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தனர். ஒரு பருவம் முழுக்க ஆயத்தம் செய்த கைகள் அவை.

2002இல் வில்லியம்ஸ்போர்ட்டுக்கு அவர்களை மீண்டும் அழைத்து, 1955ஆம் ஆண்டின் தென் கரோலினா மாநில வாகையர் என்னும் கொடியை அளித்தார்கள். அதைப் பெற்றுக்கொண்டவர்கள் அப்போது அறுபதை நெருங்கியிருந்தனர்.