நடந்தால் வலிக்கும் கால்: நோயாளிக்கு யார் விளக்குவது?

சந்தைக்கு நடந்து செல்லும் வழியில் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. சற்று நின்றால் வலி அடங்கிவிடுகிறது. மீண்டும் ஏறத்தாழ அதே தூரம் நடந்ததும் திரும்ப வருகிறது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் இவ்வாறு கூறினால் வீட்டார் "வயது போனால் இப்படித்தான்" என்பர். அல்லது வாதம் என்று தாமே முடிவு செய்து எண்ணெய் பூசி உருவிவிடுவர். ஆனால் நடந்தால் தோன்றி நின்றால் மறையும் இவ்வலி, காலுக்குக் குருதியைக் கொண்டு செல்லும் நாடிகள் ஒடுங்கிவிட்டதன் அடையாளமாக இருக்கக்கூடும்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1831 ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுக் கால்நடை வைத்தியரான பூலே, ஓடும்போது நொண்டி, நின்றதும் தேறிவிடும் குதிரையொன்றில் இதனை விவரித்தார். மனிதரில் இதே நிலையை 1858 இல் ஷார்கோ எடுத்துக்காட்டினார். அன்று தொட்டு நோயின் இயல்பு வைத்தியருக்குத் தெரியும். நோயாளிக்குத் தெரிகிறதா என்பதே எமது கேள்வி.

இவ்விடயத்தில் எமது மொழியே ஒரு தடையாக நிற்கிறது. பாடசாலை விஞ்ஞான நூலில் நாடி, நாளம், நரம்பு என்பன மூன்று வெவ்வேறு பொருள்கள். பேச்சுவழக்கிலோ மூன்றும் 'நரம்பு' தான். "காலில் நரம்பு அடைத்திருக்கிறது" என்று கேட்டு வீடு திரும்புபவர் அதனை நரம்புத் தளர்ச்சி என்று விளங்கிக்கொண்டு விற்றமின் குளிசை வாங்குகிறார். இன்னொருவர், நாளம் புடைத்த அயலவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரையைத் தமக்கும் உரியதாகக் கொண்டு, காலைத் தலையணைமேல் உயர்த்தி, இறுக்கமான காலுறையும் அணிகிறார். நாளநோய்க்கு நன்மை செய்யும் இவ்விரண்டும், நாடி ஒடுங்கிய காலுக்கு ஏற்கெனவே குறைந்திருக்கும் குருதியை மேலும் குறைத்துவிடலாம். ஒரு சொல்லைத் தெளிவாக்காமல் விட்டதன் விலை இது.

நோயின் மூலம் எளிதில் விளங்கக்கூடியது. நாடியின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகக் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்குகிறது. புகைத்தல், நீரிழிவு, உயர் குருதியமுக்கம், கொலஸ்திரோல் ஆகியவை இதனை விரைவுபடுத்துகின்றன. முதற்கட்டச் சோதனைக்கு ஊசி கூடத் தேவையில்லை. கணுக்காலில் அளக்கும் குருதியமுக்கத்தைக் கையில் அளப்பதால் வகுத்து, 0.9 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் நாடிநோய் உண்டெனக் கொள்வர். நீண்டகால நீரிழிவு உள்ளவர்களில் நாடிச்சுவர் கடினமடைந்து இவ்வெண் பொய்யாக உயர்ந்து நிற்பதுண்டு. ஆதலால் இலக்கம் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் நிம்மதி கொள்ளலாகாது. உணர்வு மங்கிய கால்களில் நடைவலியே தோன்றாமலும் போகலாம்.

சிகிச்சையில் மிகவும் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவது நடைப்பயிற்சியாகும். வலிக்கிறது என்று நடையைக் குறைப்பது இயல்பு. "நடவுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்டவர், வலி தொடங்கியதும் காலுக்குக் கேடு நேர்கிறது என அஞ்சி அமர்ந்துவிடுகிறார். உண்மையில் இவ்வலி தசையின் ஒட்சிசன் பற்றாக்குறையால் வருவது. நடப்பதால் கால் பழுதடைவதில்லை. மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் ஓரளவு கடும் வலி வரும் வேகத்தில் நடந்து, வலி அடங்கும்வரை நின்று, மீண்டும் நடக்க வேண்டும். இவ்வாறு 30 முதல் 45 நிமிடங்கள், வாரத்தில் குறைந்தது மூன்று நாட்கள், 12 வாரங்களேனும் தொடர்ந்தால் வலியின்றி நடக்கும் தூரம் பலருக்குக் குறிப்பிடத்தக்க அளவு கூடுகிறது. எமது வெயிலுக்கு அதிகாலையே உகந்தது. வீதியில் நடக்கக் கூச்சப்படும் பெண்கள் முற்றத்திலேயே சுற்றி வரலாம். எத்தனையாவது சுற்றில் வலி வந்தது என்று குறித்து வைத்தால் முன்னேற்றம் தாமாகவே தெரியும். காலில் புண் உள்ளவர்களும், ஓய்விலும் வலி உள்ளவர்களும், நெஞ்சுவலி உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடங்கலாகாது.

காலை அகற்றிவிடுவார்களோ என்பதே நோயாளியின் முதல் அச்சம். கண்ணிவெடியும் எறிகணையும் கால்களைப் பறித்ததைக் கண்ட மண்ணில் அவ்வச்சம் இயல்பானதே. ஆயினும் நடைவலி மட்டும் உள்ளவர்களில் மிகச் சிலரே அந்நிலையை அடைகின்றனர். நீரிழிவு உள்ளவர்களும் புகைப்பவர்களுமே கூடிய ஆபத்தில் உள்ளனர். காலைவிட இதயத்துக்கும் மூளைக்கும் உள்ள ஆபத்து பெரிது, ஏனெனில் காலில் ஒடுங்கிய நாடி அங்கும் ஒடுங்கியிருக்கக்கூடும். அஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல், ஸ்ரற்றின் வகைக் குளிசை ஆகியவை தரப்படுவது வலி நீங்குவதற்காக அன்று, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதற்காகவே. இதை அறியாதவர் "குடித்தும் வலி குறையவில்லை" என்று குளிசையை நிறுத்திவிடுகிறார். பலூன் சிகிச்சையோ மாற்றுவழிச் சத்திரசிகிச்சையோ செய்துகொண்டவரும் அடைப்பு நீங்கிற்று என்று பீடியை மீண்டும் பற்றவைப்பதுண்டு. பீடி, சுருட்டு, சிகரெட் எதற்கும் பாதுகாப்பான அளவு கிடையாது.

கிளினிக்கில் நெரிசல் மிகுதி, வைத்தியருக்கு நேரமில்லை என்பது உண்மையே. எனினும் தாதியொருவர் "வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள், உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள்" என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். விளங்கியதா என்று கேட்டால் எவரும் ஓம் என்றே தலையசைப்பர். திருப்பிச் சொல்லும்போதுதான் பிழை வெளிப்படும். நோயாளியுடன் மகளோ மருமகனோ வந்திருந்தால் அவர்களையும் கேட்க வைப்பது நல்லது.

பாதப் பராமரிப்பில் எமது வழிபாட்டு வழக்கங்களையும் கணக்கிற் கொள்ள வேண்டியுள்ளது. வுழூ செய்யும்போது விரலிடுக்குகளைக் கழுவும் முஸ்லிம் சகோதரருக்கு, நாளுக்கு ஐந்து முறை பாதத்தைப் பார்க்கும் வாய்ப்பு இயல்பாகவே அமைகிறது. இதைவிடச் சிறந்த பாதப் பரிசோதனை ஒழுங்கை எந்த வைத்தியசாலையும் வகுத்துவிட முடியாது. ஈரத்தைத் துடைத்து உலர்த்தினால் அது முழுமையாகும். ஹஜ், உம்ராச் செல்வோர் இஹ்ராமிலும் செருப்பு அணியத் தடையில்லை. பள்ளிவாசல் வாயிலில் விட்ட செருப்பைத் தவறவிட்டுச் சுடும் வீதியில் நடக்க நேராதபடி அதைப் பையிலிட்டு உடன் வைத்திருப்பது நல்லது. கோயில்களில் நண்பகல் மணலில் வெறுங்காலுடன் பிரதட்டை வருவோர், உணர்வு மங்கிய பாதத்தில் தீப்புண் உண்டானதை மாலையில்தான் காண்கின்றனர். காலைப் பூசையின்போது வீதி வலம் வருவது அவர்களுக்கு உகந்தது. குளிர்ந்த காலுக்குச் சுடுநீர்ப் பை வைப்பதும் அவ்வாறே ஆபத்தானது.

இரவில் படுத்திருக்கையில் பாதம் வலித்து, காலைத் தொங்கவிட்டால் குறைவது, இரண்டு வாரத்தில் ஆறாத புண், கறுத்த விரல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கால் திடீரென வெளிறிக் குளிர்ந்து, கடுமையாக வலித்து, விறைத்து, அசைக்க முடியாது போனால், அது நாடி முற்றாக அடைபட்டதன் அறிகுறி. அப்போது காலைக் காப்பாற்றக் கிடைப்பது ஏறத்தாழ ஆறு மணித்தியாலமே. நள்ளிரவானாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே புறப்பட வேண்டும்.