தச்சுத் தேனீ

தச்சுத் தேனீ (சைலோக்கோபா லேட்டிப்பெஸ்) மதுரை நகரைச் சூழ்ந்த சமவெளி உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளில் காணப்படும் பெருந்தேனீ இனமாகும். மூன்று சென்டிமீட்டரை எட்டும் கரிய உடலும், வெயிலில் நீலமும் ஊதாவுமாக மின்னும் சிறகுகளும், கனத்த ரீங்காரமும் கொண்ட இதனை மக்கள் கருவண்டு என்றே அழைக்கின்றனர். ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ட்ரூ ட்ரூரி 1773இல் இதனை விவரித்தார். ஆணின் முன்னங்கால் நுனிகள் அகன்று, மயிரடர்ந்து இருக்கும். ஆணுக்குக் கொடுக்கு இல்லை. பெண்ணுக்கு உண்டெனினும், கையில் பிடித்து நெரித்தாலன்றி அது கொட்டுவது அரிது.

ராணியும் வேலைக்காரத் தேனீக்களும் கொண்ட பெருங்கூட்டம் இதற்கு இல்லை. பெண் தேனீ தன் தாடைகளால் பட்டமரம், வேலிக்கால், கூரைவிட்டம் போன்ற உலர்ந்த மரத்தில் விரல் நுழையுமளவு வட்டத் துளையிட்டு, மரத்தூளை உண்ணாமல் வெளியே தள்ளி, உள்ளே சுரங்கம் போல் நீளும் வழியை அமைக்கிறது. அதில் மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து உருண்டையாக வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிட்டு, மென்ற மரத்தூளால் தடுப்புச்சுவர் எழுப்பி, அடுத்த அறையைத் தொடங்குகிறது. முட்டை, பூச்சியின முட்டைகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆதலால் ஒரு தாய் ஈனும் குஞ்சுகள் மிகச் சிலவே. பெண்ணின் வயிற்றின் முன்பகுதியில் சிற்றுண்ணிகள் தங்குவதற்கென்றே ஒரு பை அமைந்திருப்பதும், அவை தாயுடனேயே புதுக்கூட்டுக்குச் செல்வதும் இவ்வினத்தின் வியப்புக்குரிய இயல்பாகும்.

உசிலம்பட்டி, தேனி வட்டாரங்களின் முருங்கைத் தோட்டங்களுக்குத் தச்சுத் தேனீக்களின் பயன் பெரிது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 போன்ற செடிமுருங்கையிலும், வேற்றுச் செடியின் மகரந்தம் சேரும்போது காய்ப்பு கூடுகிறது. அம்மகரந்தத்தைச் சுமந்து செல்லும் வலுவும் உடற்பருமனும் இவற்றுக்கு உண்டு. எருக்கம்பூவில் மகரந்தம் தூளாக இராமல் திரளாக ஒட்டியிருப்பதால், அதனைக் காலில் மாட்டி இழுத்தெடுக்கப் பெருந்தேனீயே வேண்டும். தரிசுகளில் மண்டிய ஆவாரையின் மகரந்தப்பை நுனித்துளை வழியாகவே திறப்பதால், பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத்தசைகளை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும் தேனீக்களே அதற்குப் பயன்படுகின்றன.

பனங்கை பாவிய கூரைகள் கான்கிரீட்டாக மாறியதும், பட்டமரங்களை விறகுக்கென உடனே வெட்டிவிடுவதும் இதன் வாழிடத்தைச் சுருக்குகின்றன. பூக்கள் மிகுந்திருந்தும் கூடமைக்க மரமின்றித் தோட்டத்தை விட்டு அகலும் நிலை இதனால் உண்டாகிறது. வீட்டு மரச்சட்டங்களில் இது துளையிடாதிருக்க வண்ணம் பூசுவதே பெரும்பாலும் போதுமாதலால், நஞ்சு தெளிப்பதற்கு நியாயமில்லை. தோட்டத்தின் ஓரத்தில் காய்ந்த மூங்கிலோ முருங்கைக் கட்டையோ நிழலில் கிடத்தப்பட்டால், அங்கே தச்சுத் தேனீக்கள் கூடமைக்க இடமுண்டாகிறது.