அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஃபண்ட் ஆபீஸ் வரை

நங்கநல்லூர் பக்கம் போயிருக்கிறீர்களா? பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கி ஆஞ்சநேயர் கோயிலை நோக்கி நடந்தால், எதிரே வரும் பெரியவர்களில் பலர் ரிட்டயர் ஆனவர்களாக இருப்பார்கள். அரசாங்க ஆபீஸ், ரயில்வே, பள்ளிக்கூடம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, லோன் போட்டு, அரை கிரவுண்டில் ஒரு வீடு கட்டியவர்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்து எடைக்குப் போடுவது, பழைய பேண்ட்டில் மளிகைப் பை தைப்பது, அண்ணனின் புத்தகத்தை அட்டை போட்டுத் தம்பிக்குக் கொடுப்பது... இதெல்லாம் அந்த வீடுகளில் சாதாரணம்.

சிக்கனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் இது பாதிக் கதைதான். மிச்சம் பிடித்ததை எங்கே வைத்தார்கள்? அதுதான் மீதிக் கதை. சென்னைக் குடும்பங்களின் 150 வருஷ அனுபவத்தைப் பார்த்தால், முதல் பாதியில் எல்லோரும் பாஸ். இரண்டாவது பாதியில்தான் திரும்பத் திரும்ப ஃபெயில்!

ஃபண்ட் பிறந்த கதை

அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்களின் வங்கி அஞ்சறைப்பெட்டியும் அரிசிப் பானையும்தான். பணம் பத்திரமாக இருக்கும், ஆனால் வளராது. கல்யாணம், சீமந்தம், வைத்தியம் என்று பெரிய செலவு வந்தால் வட்டிக்கடைக்காரர்தான் கதி.

வங்கியே இல்லையா என்றால், இருந்தது. 1843-லேயே பாங்க் ஆஃப் மெட்ராஸ் வந்துவிட்டது. ஆனால் அது அரசாங்கத்துக்கும் பெரிய வியாபாரிகளுக்குமான இடம். மாதச் சம்பளக் குமாஸ்தாவுக்கு அங்கே என்ன வேலை?

இந்த இடைவெளியில் வந்தவைதான் நிதிகள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னையில் இவை முளைத்தன. விஷயம் எளிமையானது. ஒரு பகுதியில் இருப்பவர்கள் உறுப்பினராகச் சேர்ந்து மாதாமாதம் சந்தா கட்டுவார்கள். சேர்ந்த பணத்தை உறுப்பினர்களுக்கே நகை மீதும் வீட்டின் மீதும் கடனாகக் கொடுப்பார்கள். முதலில் வந்த நிதிகள் குறிப்பிட்ட காலம் முடிந்ததும் கணக்கை முடித்துப் பணத்தைப் பிரித்துக்கொண்டு கலைந்துவிடும். கலையாமல் தொடர்ந்து நடப்பதற்குத்தான் 'பெர்மனன்ட் ஃபண்ட்' என்று பெயர். 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்டின் பெயரில் இருக்கும் 'பெர்மனன்ட்' இதுதான்.

இதன் பலம் என்ன தெரியுமா? கடன் வாங்குகிறவர் யார், அவர் வீடு எது, நகை உண்மையா என்பதெல்லாம் பணம் போட்டவருக்கே தெரியும். ஆடிட்டர் வருவதற்கு முன்பே மாட வீதி கணக்குப் பார்த்துவிடும்!

மஞ்சள் கடுதாசி

அறிமுகம் இல்லாத இடத்தில், பெயரை மட்டும் நம்பிப் பணம் போட்டால் என்ன ஆகும் என்பதை 1906 காட்டியது. அன்றைய சென்னையில் பாரி, பின்னி, அர்பத்நாட் என்ற மூன்றும் பெரிய வெள்ளைக்கார கம்பெனிகள். அர்பத்நாட் கம்பெனி வியாபாரத்தோடு பொதுமக்களிடம் டெபாசிட்டும் வாங்கியது. 'அர்பத்நாட்டில் போட்டிருக்கிறேன்' என்றால் அது ஒரு கௌரவம்.

1906 அக்டோபர் 22-ஆம் தேதி அது திவாலானது. லண்டனில் இருந்த கூட்டாளி மெக்ஃபேடியன் சூதாட்டம் போன்ற முதலீடுகளில் பணத்தை இழந்திருந்தார். அவர் ரயில் முன் பாய்ந்து உயிரை விட்டார். சென்னையில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்து 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஆனால் ஆயுள் முழுக்க மிச்சம் பிடித்ததை அங்கே வைத்திருந்த குமாஸ்தாவுக்கும் விதவைக்கும் அந்தத் தண்டனையால் என்ன கிடைத்தது? லண்டனில் நடந்ததை மயிலாப்பூரில் இருந்தவர் பார்த்திருக்கவே முடியாது.

இதில் ஒரு நல்லதும் நடந்தது. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் டெபாசிட்தாரர்களுக்காக முன்னின்று வாதாடினார். நம் ஊர்ப் பணத்தை நம் ஊர்க்காரர்களே நடத்தும் வங்கியில் வைக்க வேண்டும் என்று முயற்சி எடுத்தார். நகரத்தார் வணிகர்கள் கை கொடுத்தார்கள். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி திறக்கப்பட்டது. அர்பத்நாட் இருந்த கடற்கரைச் சாலை இடத்திலேயே பின்னாளில் அதன் தலைமை அலுவலகம் எழுந்தது!

1,500 ரூபாயில் தொடங்கிய காப்பீடு

சொந்த வங்கி வந்தால் மட்டும் போதுமா? 1960-ல் கேரளாவின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது 'போதாது' என்று தெரிந்தது. அதன் விளைவாக 1962 ஜனவரி 1 முதல் வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு வந்தது. அப்போது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. 1993-ல் அது ஒரு லட்சமாகி, 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம் ஆனது. இது அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு உள்ள வரம்பு. ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஐந்து லட்சம்தான்.

முக்கியமான விஷயம்: இந்தக் காப்பீடு வங்கிகளுக்கு மட்டும்தான். நிதி கம்பெனி, ஃபைனான்ஸ் கம்பெனி, சீட்டு எதற்கும் கிடையாது. 1882-ல் வந்த அஞ்சலகச் சேமிப்பு வங்கிக்குக் காப்பீடு தேவையில்லை. அதற்கு அரசாங்கமே பொறுப்பு.

பழைய பாடம், புது மாணவர்கள்

1990-களில் தமிழ்நாடு முழுக்க ஃபைனான்ஸ் கம்பெனிகள் காளான்போல் முளைத்தன. 24 சதவீதம், 36 சதவீதம் என்று வட்டி! பல கம்பெனிகள் ஒரே ராத்திரியில் ஷட்டரை இறக்கின. இதனால்தான் 1997-ல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. கம்பெனியின் சொத்தை முடக்கி ஏலம் விட்டு, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அது வழி செய்தது. அதற்குப் பிறகும் 2022-ல் ஆருத்ரா கோல்டு வழக்கு வந்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொன்னதை நம்பிப் பணம் போட்டவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்.

அதைப் 'பேராசை' என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மயிலாப்பூர் ஃபண்டை அப்படி ஒதுக்க முடியாது. தாத்தா போட்டார், அப்பா போட்டார், பிள்ளையும் போட்டார். அங்கே பணம் போட்டவர்களில் ஏராளமானோர் பென்ஷன்காரர்கள். 2024-ல் முதிர்ந்த டெபாசிட்டுகளைத் திருப்பித் தர முடியாமல் அந்த ஃபண்ட் சிக்கியது. முதியவர்கள் அலுவலக வாசலில் திரண்டார்கள். ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கைது செய்தது. குற்றமா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். 1872-ல் அந்த ஃபண்டைப் பாதுகாத்தது அறிமுகம். கிளைகள் பெருகிப் பல்லாயிரம் பேர் சேர்ந்த பிறகு, யாருக்கு எதன் மேல் கடன் போகிறது என்பது சாதாரண உறுப்பினருக்கு எப்படித் தெரியும்? அறிமுகம் போய்விட்டது, பெயர் மட்டும் இருந்தது. 1906-ல் அர்பத்நாட்டில் போட்டவர் நின்ற இடமும் அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

வங்கி 8 சதவீதம் தருகிறது, வேறொரு இடம் 12 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சத்துக்கு வருஷத்தில் கூடுதலாகக் கிடைப்பது 20,000 ரூபாய். மாதம் 1,600 சொச்சம். மருந்துச் செலவுக்கு ஆகும். பென்ஷன் போதாத வீட்டில் இதைத் தப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இப்போது திருப்பிப் போடுங்கள். அந்த இடம் மூழ்கி அசல் போனால், அதை இந்தக் கூடுதல் வட்டியில் ஈடுகட்ட எத்தனை வருஷம் ஆகும்? 5,00,000-ஐ 20,000-ஆல் வகுத்தால் 25 வருஷம். அறுபது வயதில் பணம் போட்டவருக்கு அப்போது எண்பத்தைந்து!

அதனால் பணம் போடுவதற்கு முன் நான்கு கேள்விகள் போதும். இது வங்கியா, நிதியா, வெறும் கம்பெனியா? காப்பீடு உண்டா? இந்தப் பணத்தை வாங்கி அவர்கள் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள்? வங்கியைவிட அதிக வட்டி கொடுக்க அவர்களால் எப்படி முடிகிறது? கடைசிக் கேள்விக்குப் புரிகிற மாதிரி பதில் வரவில்லை என்றால் செக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

கத்தரிக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, சொத்தை இருக்கிறதா என்று சோதித்து எடுக்கிற குடும்பங்கள் இவை. கால் கிலோ கத்தரிக்காய்க்குக் கொடுக்கிற அந்தக் கவனத்தை ஐந்து லட்சத்துக்கும் கொடுக்கலாமே!