அப்பாவின் துளி, மகனின் திருத்தம்

1960 ஜனவரியில் சென்னைக்கு வந்து, அல்லாடி ராமகிருஷ்ணனின் மாணவர்களைச் சந்தித்தாரே நீல்ஸ் போர், அவர் அணுக்கருவை ஒரு துளியாகப் பார்த்தவர். எங்க கொல்லிமலைத் திருப்புலி நாட்டில் சேம்பிலை மேல் உருளும் மழைத்துளி மாதிரி. 1939-ல் யுரேனியம் பிளப்பதை வீலரோடு சேர்ந்து அதை வைத்தே விளக்கினார்.

ஆனா 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற 'மாய எண்'களில் மட்டும் கரு ஏன் கூடுதல் உறுதியோடு இருக்கு? துளியிடம் பதில் இல்லை. 1949-ல் மரியா மேயரும், தனியே யென்சன் குழுவும் அடுக்கு மாதிரியால் அதை விளக்கினார்கள்.

துளியில் துகள்கள் நெருக்கியடிக்கும். அடுக்கில் ஒவ்வொன்றும் தன் பாதையில் போகும். எது சரி? போரின் மகன் ஆகே, மொட்டல்சனோடு சேர்ந்து இரண்டையும் இணைத்தார்: வெளியடுக்குத் துகள்களே துளியை இழுத்து நீட்டும். ரெயின்வாட்டரையும் சேர்த்து மூவருக்கும் 1975-ல் நோபல். மாதிரி என்பது உண்மையின் ஒரு பக்கம்தான். அப்பா தோற்கவில்லை, பாதி சொல்லியிருந்தார்.